கைரேகை பார்த்துக் கடலுக்கு வழி சொன்னார்கள்

"தங்கள் மேலான கருத்தைப் பதிவு செய்யுங்கள்" என்று பத்து நாளில் நாலு மெசேஜ் வந்துவிட்டது. நாலாவதில், ஐந்து நட்சத்திரம் போட்டு அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் 200 ரூபாய்க்கு ரீசார்ஜ் என்று சேர்த்திருந்தார்கள். ரீசார்ஜ் வேண்டாம். கருத்து மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே.

மதுரை பைபாஸ் ரோட்டை ஒட்டி, செல்போன் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிற மேற்படிப்பு ஆலோசனை மையம் அது. பெயர் போடவில்லை. "பேர் போட்டா சண்டைதான்ப்பா நடக்கும், சொல்ல வந்தது நிக்காது" என்று மகள் சொல்லிவிட்டாள். நான் தெப்பக்குளம் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், இருபத்தாறு வருஷமாக. படிப்பு ஐடிஐ டர்னர். மகள் ப்ளஸ் ஒன் முடித்த கையோடு "ஓஷன் இன்ஜினியரிங் படிக்கணும்ப்பா" என்று நின்றபோது, சரி என்று சொல்லவும் தெரியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் தெரியவில்லை. தெரிந்தவர்களிடம் கேட்போம் என்றுதான் 3,500 ரூபாய் கட்டினேன்.

கடல் பார்க்க மூணு மணி நேரம் பஸ் ஏற வேண்டிய ஊரில் இருக்கிற பிள்ளைக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கப்பா திதிக்கு ராமேஸ்வரம் போயிருந்தோம். ரோட்டுப் பாலத்தில் எல்லாரும் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுப்பார்களே, அங்கே நாங்களும் நின்றோம். பக்கத்தில் புது ரயில் பாலத்து வேலை நடந்துகொண்டிருந்தது. மிதவை மேல் கிரேன், அதைச் சுற்றி ஈ மாதிரி ஆட்கள். "கடலுக்குள்ள தூணை எப்படிப்பா நட்டாங்க, அலை தூக்கிட்டுப் போகாதா?" என்றாள். "ஆழமா இறக்கியிருப்பாங்கத்தா" என்றேன். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. ராத்திரி லாட்ஜில் போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள். 1914இல் திறந்த பழைய பாலம் நடுவில் இரண்டு கை மாதிரி பிரிந்து கப்பலுக்கு வழிவிட்டுவந்தது. 1964 புயலில் பாலத்தின் இரும்பு கர்டர்கள், அதாவது உத்திரங்கள், கடலோடு போயும், அந்தத் தூக்குப் பகுதி மட்டும் நின்றது. ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் 46 நாளில் மறுபடி ரயில் விட்டார். எல்லாவற்றையும் எனக்கு வாசித்துக் காட்டினாள். புதுப் பாலத்துக்குக் கடலடியில் 333 பைல், அதாவது அடித்தூண், இறக்கியிருக்கிறார்கள். நடுவில் 72.5 மீட்டர் நீளத்துக்கு ஒரே துண்டு, லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகும். 2025 ஏப்ரல் 6ஆம் தேதி அதைத் திறந்தபோது எங்கள் வீட்டு டிவியில் ஐபிஎல் போடவிடவில்லை.

இன்னொன்று பட்டறையில் நடந்தது. மண்டபத்திலிருந்து ஒருத்தர் படகு ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் கடைசலுக்குக் கொண்டுவருவார். ஒருதரம் சாக்குப்பையோடு சேர்ந்து ஒரு துத்தநாகக் கட்டியும் வந்துவிட்டது. சொத்தைப் பல் மாதிரி அரித்துக் கிடந்தது. தூக்கிப் போடப் போனேன். மகள் வாங்கி வைத்துக்கொண்டாள். உப்புத் தண்ணீர் முதலில் துத்தநாகத்தைத்தான் தின்னும், அது இருக்கிறவரை இரும்பைத் தொடாது, அதற்காகவே அதைப் படகின் அடியில் போல்ட் போட்டு மாட்டுகிறார்கள் என்று கெமிஸ்ட்ரி புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். இருபத்தாறு வருஷமாக அந்த ஷாஃப்டுகளைக் கடைகிறேன், எனக்கு அது தெரியாது.

இப்போது மையத்துக்கு வருவோம். வண்டி நிறுத்த இடம் கிடையாது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மேலே ஏறினால் ஏசி ஜில்லென்று இருக்கிறது, காபியும் நல்ல காபி. சுவரெல்லாம் பிள்ளைகள் தொப்பியைத் தூக்கிப் போடுகிற படம். சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று மூணு தினுசு பேக்கேஜ் வைத்திருந்தார்கள். பிளாட்டினத்தில் என்ன கூடுதல் என்றதற்கு "கைரேகை அனாலிசிஸ் சார்" என்றார் மேனேஜர்.

பத்து விரலையும் ஒரு சின்ன மெஷினில் வைத்து எடுத்தார்கள். ரேகையைப் பார்த்தால் மூளையில் எந்தப் பகுதி பலமானது என்று தெரிந்துவிடுமாம், அதைக் கொண்டு என்ன படிக்கலாம் என்று சொல்லிவிடலாமாம். நான் கையை விரித்துக் காட்டினேன். "கூலண்ட்லயும் பிசுறுலயும் கிடந்த கை சார் இது. ரேஷன் கடை மெஷின்லயே எனக்கு ரேகை விழாது. அப்ப எனக்கு மூளை?" என்றேன். அவர் சிரித்தார். பதில் வரவில்லை. கைரேகை பார்த்து எதிர்காலம் சொல்கிறவர்கள் மாசி வீதிப் பக்கம் மரத்தடியிலேயே கிடைப்பார்கள், நூறு ரூபாய்க்கு மேல் கேட்க மாட்டார்கள்.

அதன் பிறகு கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரம் கேள்விகள். அது பரவாயில்லை. மடித்த அட்டையை விரித்தால் எப்படி இருக்கும், பல்சக்கரம் எந்தப் பக்கம் சுற்றும் என்கிற மாதிரிக் கேள்விகளில் அவளுக்கு நல்ல மார்க் வந்திருந்தது. அந்த ஒரு தாளை மட்டும் கொடுத்து 300 ரூபாய் வாங்கியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

நாலு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. 32 பக்கம், வழவழவென்று கலர் பிரிண்ட், பளபளக்கிற ஃபைலில் போட்டு. முதல் பக்கத்தில் மகள் பெயரில் ஒரு எழுத்து தப்பு. உள்ளே மருத்துவம் இத்தனை சதவீதம், கலை இத்தனை சதவீதம் என்று ரங்கோலி மாதிரி வட்டங்கள். ஓஷன் இன்ஜினியரிங் என்ற வார்த்தை எங்கும் இல்லை.

"சார், பாப்பா கேட்டது ஓஷன் இன்ஜினியரிங்" என்றேன்.

"அதுதான் சார் மெரைன். ரெண்டும் ஒண்ணுதான். ஆனா பொம்பளப் புள்ளைக்கு ஆறு மாசம் கப்பல்லயே கிடக்கறது கஷ்டம். அதுவும் கண்ணாடி போட்டிருக்காங்க, மெடிக்கல்ல அடிபடும். ஆசைப்படறாங்கன்னா நமக்குத் தெரிஞ்ச காலேஜ் ஒண்ணு இருக்கு, மெடிக்கல நாங்க பாத்துக்கறோம். நாலு வருஷத்துக்குப் பதினெட்டு. இன்னைக்கு 25,000 டோக்கன் போட்டீங்கன்னா சீட்டைப் பிடிச்சு வைச்சிரலாம்."

பதினெட்டு என்றது பதினெட்டு லட்சம். பிள்ளை இன்னும் ப்ளஸ் டூ வகுப்புக்குள்ளேயே போகவில்லை.

மகள் மெதுவாகத்தான் கேட்டாள்: "சார், மெரைன் கப்பல் இன்ஜினை ஓட்டிப் பராமரிக்கிறதுதானே? நான் கேட்டது கடல்ல கட்டுறதைப் பத்தி." அவர் என்னைப் பார்த்து, "பாப்பா ரொம்ப ஷார்ப்பு சார்" என்றார். அவ்வளவுதான் பதில்.

அந்த அறையில் கவுன்சிலர் என்று ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தது. மேனேஜர் போன் பேச வெளியே போனதும், ரசீதுக்குப் பின்னால் ஏதோ எழுதி மகள் கையில் கொடுத்தது. "ஐஎம்யூ, ஜோசான்னு ரெண்டு அட்மிஷன் வெப்சைட் இருக்கு, நீங்களே பாருங்க. டோக்கன் போடாதீங்க அங்கிள்." இந்த மதிப்பீட்டில் வருகிற ஒரே முழு நட்சத்திரம் அந்தப் பிள்ளைக்குத்தான். வேலை போய்விடக் கூடாது என்பதற்காகவும்தான் கடையின் பெயரைப் போடவில்லை.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் தேய்ந்த ஷாஃப்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால், எந்த மெஷினில் ஓடியது, எதனால் தேய்ந்தது என்றுதான் முதலில் கேட்பேன். அளக்கிற வெர்னியரை அப்புறம்தான் எடுப்பேன். இவர்கள் பத்து விரலையும் அளந்தார்கள், மூளையை அளந்தார்கள். உனக்கு ஏம்மா கடல் மேல ஆசை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாம்பன் கதையும் துத்தநாகக் கதையும் வந்திருக்கும். அதிலேயே பாதிப் பதில் இருந்தது.

மீதிப் பதில் பட்டறைக்கே வந்தது, போர்வெல் மோட்டார் ஷாஃப்டோடு. அனுப்பானடியில் குடியிருக்கிற ஒரு பெரியவர். துறைமுகக் கட்டுமானத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர் என்று அன்றைக்குத்தான் தெரியும். ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, லாரி டிரைவர், லாரி மெக்கானிக், பாடி கட்டுறவன், ரோடு போடுறவன், நாலு பேரும் ஒண்ணா?" என்று கேட்டார். கப்பலை ஓட்டுகிற படிப்பு நாட்டிகல். அதன் இன்ஜினைப் பார்க்கிற படிப்பு மெரைன். இந்த இரண்டுக்கும்தான் கடலில் போக வேண்டும், கண் பரிசோதனை உண்டு, நிறக்குருடு இருந்தால் ஆகாது. கப்பலின் உடம்பை வடிவமைப்பது நேவல் ஆர்க்கிடெக்சர். துறைமுகம், அலைதடுப்புச் சுவர், எண்ணெய் எடுக்கிற மேடை, கடலடிக் குழாய், மிதவை, நீர்மூழ்கி என்று கடலில் நிற்கிற, மிதக்கிற, முங்குகிற எதையும் கணக்குப் போட்டுக் கட்டுவது ஓஷன். கண்ணாடி போட்டவள் கணக்குப் போடக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

டீ சொன்னேன். அவர் சாக்பீஸ் கேட்டார். கீழே கிடந்த ஆறு மில்லி இரும்புத் தகட்டில் ஒரு சதுரம் போட்டார். "பாப்பா, தைப்பூசத்துக்குத் தெப்பம் பாத்திருக்கியா?"

"வருஷா வருஷம் தாத்தா."

"சாமி, ஐயர், நாயனக்காரங்கன்னு அம்புட்டுப் பேர் மேல இருக்காக. வடம் பிடிச்சு இழுக்கறப்ப சாயுதுல்ல. ஏன் கவுறல?"

மகள் யோசித்தாள். அவர் சதுரத்தைச் சாய்த்து இன்னொன்று போட்டார். நடுவில் ஒரு புள்ளி, அது பாரம். கீழே ஒரு புள்ளி, அது தண்ணீர் தாங்குகிற இடம். தெப்பம் சாய்ந்தால் எந்தப் பக்கம் அதிகமாக முங்குகிறதோ அந்தப் பக்கத்துக்குக் கீழ்ப்புள்ளி நகரும். நகர்ந்த இடத்திலிருந்து தண்ணீர் மேலே தள்ளும், பாரம் தன் இடத்திலிருந்து கீழே இழுக்கும். இரண்டும் சேர்ந்து தெப்பத்தைத் திருப்பி நிமிர்த்தும். "பாரப் புள்ளியை உசரமா வைச்சுப் பாரு" என்று மேலே ஒரு புள்ளி குத்தினார். இப்போது அதே இரண்டு இழுப்பும் சேர்ந்து கவிழ்த்துவிடும். தெப்பம் அகலமாக இருப்பது எதற்கென்று மகள் அவர் சொல்லும் முன்னாலேயே சொல்லிவிட்டாள். "இவ்வளவுதான் கப்பல், இவ்வளவுதான் எண்ணெய் மேடை. மத்ததெல்லாம் இதுக்கு மேல கணக்கு" என்றார்.

அன்று சாயங்காலம் வேலை ஓடவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தின் இரண்டு அலைதடுப்புகளும் ஆளுக்குச் சுமார் 4 கிலோமீட்டர். வெறும் கல்தானே என்று நினைக்கக் கூடாதாம். உள்ளே சின்னக் கல், மேலே போகப் போகப் பெரிய கல். கல்லுக்குக் கல் சந்து இருந்தால்தான் அலை உள்ளே புகுந்து தன் பலத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். "கடல் கூட மல்லுக்கட்டக் கூடாது தம்பி, அது உடையறதுக்கு நாம இடம் விடணும்" என்றார். பாண்டிச்சேரி கதையும் அவர் சொன்னதுதான். நம் கிழக்குக் கரையில் மணல் வருஷம் முழுக்கக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அங்கே துறைமுகத்துக்குச் சுவர் கட்டியதும் மணல் தெற்கிலேயே நின்றுவிட்டது. வடக்கே ஊர்க் கடற்கரை முழுதும் கடலோடு போய், கருங்கல்தான் மிச்சம். பிறகு சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், நியாட் என்பார்கள், 1993இல் தொடங்கியது, அவர்கள் தண்ணீருக்கடியில் இரும்பால் ஒரு செயற்கைத் திட்டை இறக்கினார்கள். அலை அதில் தட்டி வேகம் குறைய, மணல் தங்க ஆரம்பித்தது. நாங்கள் பாண்டிச்சேரி போனபோது பிள்ளைகள் விளையாடிய மணல் அப்படி வந்த மணல். ஒரு இன்ஜினியர் கடற்கரையைத் தொலைத்து இன்னொரு இன்ஜினியர் மீட்டது என் மகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

எனக்குப் பிடித்தது மத்ஸ்யா 6000. மூணு பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோக நியாட்டில் செய்கிற வண்டி. ஆட்கள் உட்காருகிற உருண்டை டைட்டானியம். உள்விட்டம் 2.1 மீட்டர், தகட்டுக் கனம் 80 மில்லி. அந்த ஆழத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 600 கிலோ அழுத்தம். என்னிடம் பேரிங் ஏற்ற 20 டன் பிரஸ் ஒன்று இருக்கிறது. அதன் முழு பலத்தையும் இரண்டு தீப்பெட்டி அகலத்துக்குள் வைத்து அழுத்தினால் என்ன வருமோ, அது உருண்டையின் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில். உருண்டை எந்த இடத்திலாவது கொஞ்சம் கோணினால் அங்கேதான் நசுங்க ஆரம்பிக்கும். 80 மில்லி டைட்டானியத்தை சாதாரண வெல்டிங்கில் ஒட்ட முடியாது என்று இஸ்ரோக்காரர்கள் எலக்ட்ரான் கற்றை வெல்டிங்கைப் பழக்கியிருக்கிறார்கள். இதைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் மட்டும் ப்ளஸ் டூ படித்திருந்தால் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, சரி அது இருக்கட்டும்.

வழி என்ன என்று கேட்டோம். அந்தச் சின்னப் பெண் எழுதிக் கொடுத்ததும் பெரியவர் சொன்னதும் ஒன்றோடு ஒன்று பொருந்தின. சென்னை ஐஐடியில் நேவல் ஆர்க்கிடெக்சரும் ஓஷன் இன்ஜினியரிங்கும் சேர்ந்த பி.டெக். இருக்கிறது, கரக்பூர் ஐஐடியிலும் இருக்கிறது. அதற்கு ஜேஇஇ மெயின், அப்புறம் அட்வான்ஸ்டு, இடம் ஐஐடி, என்ஐடிகளுக்குப் பொதுவான ஜோசா கலந்தாய்வில். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம், அதுதான் ஐஎம்யூ, 2008இல் தொடங்கியது, தலைமையிடம் சென்னை. அவர்களுடைய விசாகப்பட்டினம் வளாகத்தில் இதே படிப்பு இருக்கிறது, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. கொச்சிப் பல்கலைக்கழகத்தில் கப்பல் கட்டுமானத்தோடு சேர்ந்த படிப்பு.

இதெல்லாம் கிடைக்கவில்லையென்றால்? அதற்குத்தான் பெரியவர் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். "இங்கயே சிவில் படி. ப்ளஸ் டூ மார்க்கை வைச்சு அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங்ல நம்ம ஊர்ப் பக்கத்துக் காலேஜே கிடைக்கும். நாலு வருஷம் தண்ணியையும் மண்ணையும் ஒழுங்கா படிச்சுட்டு கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக்.குக்குப் போ. சென்னை ஐஐடியும் இருக்கு, சூரத்கல் என்ஐடியும் இருக்கு. எங்க சைட்டுல இருந்த பாதிப் பேர் சிவில்காரன்தான்." கடைசிப் பஸ் போய்விடும் என்கிற மாதிரி, இன்றைக்கே டோக்கன் போடு என்று மேனேஜர் விரட்டினாரே, அவருக்கு இந்தப் பாதை தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் அதில் அவருக்குக் கமிஷன் கிடையாது.

பெரியவர் தேன் தடவியும் பேசவில்லை. வேலை கொஞ்சம்தான் வரும், ஆட்களும் கொஞ்சம்தான், வருகிற வேலை துறைமுகம், கப்பல் கட்டும் தளம், எண்ணெய் கம்பெனி, ஆராய்ச்சிக்கூடம் என்று எங்கேயோ கிடக்கும், மதுரையில் இருந்துகொண்டு இந்த வேலை பார்க்க முடியாது என்றார். இதைக் கேட்டு என் வீட்டுக்காரி முகம் வாடிவிட்டது. "எங்கிட்டுப் போனாலும் மீனாட்சி ஊருக்குத் திரும்பத்தானே அத்தாச்சி போறா" என்று பெரியவர் வீட்டம்மா சமாதானம் சொன்னார்கள். இன்னும் சமாதானம் ஆகவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டு இரண்டு முறை மாடி ஏறினேன். "பாலிசி இல்லை சார்" என்றார்கள். மூணாவது முறை, வெளிநாடு போகிறவர்கள் எழுதுகிற ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் வகுப்புக்கு 1,000 ரூபாய் பெறுமானமுள்ள கூப்பன் கொடுத்து அனுப்பினார்கள். கைரேகை மெஷின் அன்றைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. உசிலம்பட்டிப் பக்கத்து அப்பா ஒருத்தர், வேட்டியும் தோளில் துண்டுமாக, பையனின் பத்து விரலையும் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேனேஜர் பக்கத்திலேயே நின்றதால் சொல்லாமல் வந்துவிட்டேன். இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆக, காபிக்கு அரை, கம்ப்யூட்டர் தேர்வுக்கு அரை, ரசீதுக்குப் பின்னால் எழுதிக் கொடுத்த பிள்ளைக்கு ஒன்று. மொத்தம் இரண்டு நட்சத்திரம். ஃபைல் கெட்டியான ஃபைல், பட்டறையில் ஜிஎஸ்டி பில் போட்டு வைக்க ஆயிற்று. ரிப்போர்ட்டின் கடைசியில் குறிப்புகளுக்கு என்று வெறும் பக்கம் ஒன்று விட்டிருந்தார்கள். அந்த இரும்புத் தகட்டை மறுநாள் கேஸ் கட்டிங்குக்கு எடுக்க வேண்டியிருந்தது, அதனால் சாக்பீஸ் தெப்பத்தை மகள் அந்தப் பக்கத்தில் பென்சிலில் வரைந்து வைத்துக்கொண்டாள். அந்த ஒரு தாளை மட்டும் கிழித்து அவள் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறோம்.

ஐஇஎல்டிஎஸ் கூப்பன் யாருக்காவது வேண்டுமென்றால் பட்டறையில் வந்து வாங்கிக்கொள்ளலாம். டிசம்பர் 31 வரை செல்லும்.